ஜெபம் முடிந்ததும் வாசிக்கவும்

மஸ்கட்
10-11-1993

என் அன்பான ஜெபாவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நான் சுகம். நீயும் அப்பா அம்மாவும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். உன் இருமல் விட்டதா?

எப்போதும் அப்பாவுக்கு எழுதும் கடிதத்துக்குள் உனக்கு ஒரு தாளை மடித்து வைப்பேன். இந்த முறை உறை மேலேயே உன் பெயரை எழுதி அனுப்புகிறேன். ஒரு விஷயம் உன்னிடம் மட்டும் சொல்ல வேண்டும்.

மே மாதம் நான் வந்ததும் ஒரு கார் எடுப்போம். நீயும் நானும் மட்டும். திருச்செந்தூரில் கடலைப் பிடித்தால் குலசேகரப்பட்டினம், மணப்பாடு, உவரி என்று இடது கைப் பக்கம் கடலை வைத்துக்கொண்டே கன்னியாகுமரி வரை போய்விடலாம். மூன்று நாள். பிடித்த இடத்தில் இறங்குவோம். பதநீர் விற்றால் குடிப்போம். யார் வீட்டுக்கும் போக வேண்டாம், எந்த நேரத்துக்கும் எங்கேயும் போய்ச் சேர வேண்டாம்.

நீ தலையைப் பின்னாமல் வர வேண்டும். கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டால் உன் முடி என் முகத்தில் வந்து விழ வேண்டும். இங்கே வேலை முடிந்ததும் தினமும் கடலைப் பார்க்கிறேன். தனியாகப் பார்க்கிற கடல் சப்பென்று இருக்கிறது.

யாரிடமும் சொல்லாதே.

உன் கிங்ஸ்லி

—

பாளையங்கோட்டை
26-11-1993

அன்புள்ள அத்தானுக்கு,

ஜெபராணி எழுதிக்கொள்வது. எல்லாரும் சுகம். இருமல் போய்விட்டது, மானம்தான் போன இடம் தெரியவில்லை.

உறை மேல் என் பெயர் இருந்தால் மாமா பிரிக்க மாட்டார்கள் என்று நினைத்தீர்களாக்கும்? நீங்கள் பிறந்து வளர்ந்த வீடுதானே இது? ராத்திரி குடும்ப ஜெபம் முடிந்து ஆமென் சொன்ன கையோடு, அன்றைக்கு வந்த கடிதத்தை மாமா உரக்க வாசிப்பது உங்களுக்குத் தெரியாதா? “மாமா, அது எனக்கு வந்தது” என்று கையை நீட்டினேன். “இந்த வீட்டுக்கு வாற கடிதம் எதையும் கர்த்தருக்குத் தெரியாமப் பிரிக்கதில்ல, ஜெபா” என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை மாட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வேதாகமத்திலிருந்து முதலாம் பாடம் வாசிப்பார்களே, அதே குரல். ‘நீ தலையைப் பின்னாமல் வர வேண்டும்’ என்பதையும் அதே குரலில்தான் வாசித்தார்கள். நான் பாயோரத்தைப் பிய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ‘சப்பென்று’ வந்த இடத்தில் நிறுத்தி, “இது எழுத்துநடை இல்ல” என்றார்கள். எத்தனை வருஷம் ஹெட்மாஸ்டராக இருந்தவர்கள், விடுவார்களா? கடைசியில் ‘யாரிடமும் சொல்லாதே’ என்பதையும் வாசித்துவிட்டுத் தாளை மடித்தார்கள். “சரி, வெளிய சொல்ல வேண்டாம். வீட்டுக்குள்ளதான இருக்கு” என்று தீர்ப்பு.

அத்தை உடனே, “நானும் கடலப் பாத்து எவ்வளவு காலமாச்சு” என்றார்கள். அவ்வளவுதான். மறுநாளே நாசரேத்துக்கு உங்கள் தங்கை டார்லினுக்குக் கார்டு போய்விட்டது.

இனிமேல் எனக்கு எழுதுவதை என் பள்ளிக்கூட விலாசத்துக்கு எழுதுங்கள். இன்னொன்று. மே மாதத்தோடு உங்கள் கான்ட்ராக்ட் முடிகிறது. திரும்பவும் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போடப் போகிறீர்களா, இல்லையா? வேறு எதற்குப் பதில் எழுதாவிட்டாலும் இதற்கு எழுதுங்கள்.

ஜெபராணி

—

மஸ்கட்
14-12-1993

என் அன்பான ஜெபாவுக்கு,

நான் சுகம். பள்ளிக்கூட விலாசத்துக்கு எழுதுகிறேன். அங்கே யார் வாசிப்பார்கள்? ஹெட்மிஸ்ட்ரஸா?

உன் கடிதத்தை வாசித்து ஸ்டோருக்குள் தனியாகச் சிரித்தேன். பக்கத்து மேஜை மலையாளி, ‘ஊரில் விசேஷமா’ என்று கேட்டான். அப்பா வாசித்த குரல் எனக்கு இங்கேயே கேட்டது. மன்னித்துக்கொள்.

இது ஒன்றும் பெரிய காரியமில்லை. அம்மாவை வேறொரு நாள் திருச்செந்தூர்க் கடற்கரைக்குக் கூட்டிப்போகலாம். அப்பாவிடம் நீயே பக்குவமாகச் சொல். நீ சொன்னால் கேட்பார்கள். ஒரு யோசனை: உவரிக்குத் தெற்கே ரோட்டை மணல் மூடியிருக்கும் என்கிறார்கள். அங்கே பாதியில் நின்றுவிட்டால்கூட நல்லதுதான், கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம்.

கிறிஸ்துமஸுக்கு என்ன சேலை எடுத்தாய்? வாழ்த்துகள்.

உன் கிங்ஸ்லி

—

பாளையங்கோட்டை
5-1-1994

அன்புள்ள அத்தானுக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள். இங்கே யாவரும் சுகம், உங்கள் சுகத்துக்கு ஜெபிக்கிறோம். பச்சைச் சேலை எடுத்தேன். கான்ட்ராக்ட் பற்றி ஒரு வரி இல்லை. கவனித்தேன்.

நான் பக்குவமாகச் சொல்ல வேண்டுமா? நன்றாயிருக்கிறது. பெற்ற பிள்ளைக்கு வராத தைரியம் வந்த மருமகளுக்கு வர வேண்டும். சொன்னேன். ‘மாமா, அவங்க ரெண்டு பேரா போகணும்னுதான் எழுதியிருந்தாங்க’ என்றேன். மாமா என்னைப் பாவமாகப் பார்த்து, “அவன் நமக்குச் செலவு வைக்கக் கூடாதுன்னு அப்படி எழுதுதான். உனக்குப் புரியல” என்றார்கள்.

கிறிஸ்துமஸுக்கு டார்லின் வந்தாள். “அண்ணன் ஆசப்பட்டுக் கூப்பிட்டிருக்காவ. நாங்க வராம இருந்தா நல்லாவா இருக்கும், மைனி?” என்றாள். யார் கூப்பிட்டது என்று எனக்குத் தெரியவில்லை. அவள், அவள் வீட்டுக்காரர், பிள்ளைகள், அவள் மாமியார். கார் போய் வேன் வந்துவிட்டது.

அதோடு விட்டதா? உறவுக்காரர் இருக்கிற ஊர் வழியாக, இறங்கி ஒரு வாய் காப்பி குடித்து ஜெபம் பண்ணாமல் கடந்து போவது உங்கள் குடும்பத்தில் கொலைக்குற்றம். அந்தப் பக்கம் எந்த ஊரில் உங்களுக்கு உறவு இல்லை? மெஞ்ஞானபுரத்தில் சின்னத் தாத்தா, அவரைப் பார்த்துவிட்டு உடன்குடியில் அவர் மச்சினரைப் பார்க்காவிட்டால் வருத்தம், அப்புறம் இடையன்குடியில் உங்கள் ஞானத்தாய். இடது கைப் பக்கம் கடல் என்றீர்கள். நாம் போகிற போக்கில் கடல் நமக்கு முதுகுப் பக்கம்தான் இருக்கும்.

பக்குவம் போதும். நீங்கள் எழுதுங்கள். என் கேள்விக்கும் சேர்த்து.

ஜெபராணி

—

பாளையங்கோட்டை
8-1-1994

அன்புள்ள மகன் கிங்ஸ்லிக்கு,

அப்பா பாக்கியசீலன் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. தேவ கிருபையால் நானும் உன் தாய் சாரம்மாளும் மருமகளும் சுகம்.

கடற்கரைப் பயணம் அவசரமில்லாததாக இருக்க வேண்டுமென்று நீ எழுதியிருந்தாய். அதை மனதில் வைத்தே திட்டம் செய்திருக்கிறேன். அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து ஜெபித்துப் புறப்பட்டால் அவசரப்பட வேண்டியிராது. காலை ஆகாரம் நாசரேத்தில். மதியம் மெஞ்ஞானபுரம். சமையல் பாத்திரங்களை நாமே கொண்டுபோவது நலம். கடலில் இறங்குவதற்கென்று மணப்பாட்டில் அரை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறேன்.

மேலப்பாளையம் முகம்மது சுல்தானிடம் வேன் சொல்லி, வாக்கும் கொடுத்தாயிற்று. உன் தாய்க்கு முழங்கால் வலியாதலால் முன் ஸீட். மருமகளின் முடி காற்றில் பறப்பதைப் பற்றி எழுதியிருந்தாய். ஜன்னலோரத்தைப் பிள்ளைகளுக்கு விட்டிருப்பதால் அந்தச் சிரமம் இராது.

உன் தாய்க்கு மேலே ஒரு மாடி எடுக்க வேண்டுமென்று ஆசை. நீ அங்கே இன்னும் சில வருஷம் நிலைத்திருக்க ஜெபிக்கிறோம்.

அன்புள்ள அப்பா

—

மஸ்கட்
29-1-1994

அன்புள்ள ஜெபாவுக்கு,

நான் சுகம். நீ சுகமா?

அப்பா கடிதம் வந்தது. எனக்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை. வேன் சொல்லி வாக்கும் கொடுத்துவிட்டார்கள். இந்த வயதில் அவர்கள் இவ்வளவு உற்சாகமாக ஒரு காரியம் செய்து நான் பார்த்ததில்லை. வேண்டாம் என்று எப்படிச் சொல்ல?

வரட்டும், ஜெபா. மணப்பாட்டில் சாயங்காலம் எல்லாரும் காப்பி குடிக்கும்போது நாம் இரண்டு பேரும் பைய நழுவி, மணல் மேட்டுக் கோயிலுக்கு அந்தப் பக்கம் போய்விடலாம்.

கம்பெனியில் கணக்கெடுப்பு நடக்கிறது. வேலை அதிகம். மற்றவை பிறகு.

கிங்ஸ்லி

—

பாளையங்கோட்டை
15-2-1994

அன்புள்ள அத்தானுக்கு,

எல்லாரும் சுகம். நாளைக்கு லெந்து நோன்பு தொடங்குகிறது. கோபப்படக் கூடாது. அதனால் இருக்கிற கோபத்தையெல்லாம் இன்றைக்கே எழுதி முடித்துவிடுகிறேன்.

பைய நழுவி! மாமா ஒதுக்கிய அரை மணி நேரத்தில், டார்லின் பிள்ளைகள் நம் இரண்டு பேர் கையையும் பிடித்துத் தொங்க, நழுவப் போகிறோமாக்கும். கல்யாணமாகி ஆறு வருஷமாக இதைத்தான் செய்கிறோம். லீவில் வருகிறீர்கள், பெட்டி பிரிக்கிறோம், ஊரெல்லாம் விருந்து சாப்பிடுகிறோம், கோயில் அசனச் சாப்பாட்டுக்குப் போகிறோம், பெட்டி கட்டுகிறோம். உங்களிடம் ஒரு வார்த்தை பேச வேண்டுமென்றால் நான் குழாயடியில் நின்று குடத்தை நிரப்பிக்கொண்டே பேச வேண்டும். அதற்கும் குடம் நிறைந்துவிடுகிறது.

ஆராதனை முடிந்து வெளியே வந்தால் பெண்கள் என் முகத்தைப் பார்ப்பதில்லை, வயிற்றைப் பார்க்கிறார்கள். “இன்னும் ஒண்ணும் இல்லையா?” என்று கேட்கிறார்கள். மாப்பிள்ளை மஸ்கட்டில் இருந்தால் எங்கேயிருந்து வரும் என்று ஒருத்திக்கும் யோசனை கிடையாது. என்னோடு வேலை பார்க்கிற கோமு டீச்சர் மட்டும் ஒருநாள், “நீ ஏன் டீச்சர் எதுக்கெடுத்தாலும் சிடுசிடுங்குற?” என்று கேட்டாள். அன்றைக்குக் கழிப்பறைக்குள் போய் அழுதேன்.

நான் கடல் கேட்கவில்லை. கடலை நீங்கள்தான் கொண்டுவந்தீர்கள். நான் கேட்டது ஒரே கேள்வி. நவம்பரில் கேட்டேன். ஜனவரியில் கேட்டேன். நீங்கள் சேலை நிறம் விசாரிக்கிறீர்கள், மணல் மூடிய ரோட்டைப் பற்றி எழுதுகிறீர்கள், கணக்கெடுப்பு நடக்கிறது என்கிறீர்கள். மாமா மாடி மாடி என்கிறார்கள். அதற்கும் உங்கள் வாயில் ஒரு வார்த்தை வரவில்லை. மூன்று நாள் எனக்கு முடியைப் பறக்கவிட்டுக் காட்டிவிட்டு, மூன்று வருஷத்துக்கு மறுபடியும் போய்விடுவதாக உத்தேசமா? அப்படியென்றால் வேனே நல்லது. கூட்டத்தில் அழ முடியாது.

பதிலை எனக்கு எழுத வேண்டாம். எனக்கு எழுதினால் அடுத்த கடிதத்தில் மாற்றி எழுதுவீர்கள். வீட்டு விலாசத்துக்கு, மாமா பெயருக்கு எழுதுங்கள். ஜெபத்துக்குப் பிறகு வாசிக்கட்டும். அந்தப் பாயில் உட்கார்ந்து சொன்னதை இந்த வீட்டில் யாரும் மாற்றுவதில்லை. அத்தை ஒருநாள் அங்கே வைத்துத்தான் இனி காப்பிக்குச் சர்க்கரை வேண்டாமென்றார்கள், இன்றுவரை தொடவில்லை. மாமாகூட மாடிப் பேச்சைப் பகலில்தான் எடுக்கிறார்கள், அந்த நேரத்தில் எடுப்பதில்லை. போவதாயிருந்தாலும் சரி, வருவதாயிருந்தாலும் சரி, அங்கே சொல்லுங்கள்.

அதுவரை நான் எழுத மாட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜெபராணி

—

மஸ்கட்
6-3-1994

அன்புள்ள ஜெபாவுக்கு,

உன் கடிதத்தைப் பல தடவை வாசித்துவிட்டேன். நான் சுகம் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன்.

ஏப்ரல் முதல் வாரத்துக்குள் கையெழுத்துப் போட வேண்டும் என்று கம்பெனியில் சொல்லியிருக்கிறார்கள். நான் யோசிக்க வேண்டும். அப்பாவுக்கு எப்படி எழுத? கொஞ்சம் பொறு. நீ கோபமாக இருப்பது தெரியும். ஒரு கார்டாவது போடு.

கிங்ஸ்லி

—

பாளையங்கோட்டை
22-3-1994

அன்புள்ள மகன் கிங்ஸ்லிக்கு,

அப்பா எழுதுவது. லெந்து நாட்களில் யாவரும் சுகமாயிருக்கிறோம். உன் சுகத்தை விரும்புகிறோம்.

ஜெபராணி கடிதம் எழுதுவதில்லை என்று கேட்டு எழுதியிருந்தாய். அதை ஜெபத்துக்குப் பின் வாசித்து, அவளிடம் காரணம் கேட்டேன். ‘எழுதியாச்சு மாமா’ என்று மட்டும் சொன்னாள். எனக்கு விளங்கவில்லை. உன் தாய்க்கு விளங்கியதுபோல் தெரிகிறது, ஆனால் என்னிடம் சொல்ல மறுக்கிறாள்.

மருமகள் சரியாகச் சாப்பிடுவதில்லை. வேனில் அவளுக்கு வேண்டுமானால் ஜன்னலோரம் கொடுத்துவிடலாமா என்று யோசிக்கிறேன். பிள்ளைகளிடம் பேசிக்கொள்ளலாம்.

அன்புள்ள அப்பா

—

மஸ்கட்
4-4-1994

அன்புள்ள அப்பாவுக்கு,

கிங்ஸ்லி எழுதுவது. நான் சுகம். அனைவருக்கும் ஈஸ்டர் வாழ்த்துகள்.

இந்தக் கடிதத்தை ஜெபம் முடிந்ததும், எப்போதும் போலச் சத்தமாக வாசியுங்கள். நடுவில் நிறுத்த வேண்டாம்.

நவம்பர் மாதம் ஜெபா என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். பதில் எனக்குத் தெரிந்தே இருந்தது. உங்களிடம் சொல்லப் பயந்து அவளுக்குச் சொல்லாமல் இருந்தேன். இன்று காலை கம்பெனியில் சொல்லிவிட்டேன். நான் கையெழுத்துப் போடவில்லை. மே மாதம் வருகிறேன், திரும்பிப் போக மாட்டேன். திருநெல்வேலியில் ஏதாவது ஒர்க்ஷாப்பில் ஸ்டோர் பார்த்துக்கொள்வேன். மாடி இப்போதைக்கு இல்லை அம்மா, என் மேல் வருத்தப்படாதீர்கள்.

கடற்கரைக்கு நானும் ஜெபாவும் மட்டும் போகிறோம். அப்பா, செலவு வைக்கக் கூடாதென்று நான் அப்படி எழுதவில்லை. என் மனைவியோடு தனியாக இருக்க வேண்டுமென்றுதான் எழுதினேன். மூன்று நாள் எங்களை விட்டுவிடுங்கள். அப்புறம் கடைசிவரை உங்களோடுதானே இருக்கப் போகிறேன்.

ஜெபா, இது உனக்கு. நீ தலையைப் பின்னாமல் வர வேண்டும்.

கிங்ஸ்லி

—

பாளையங்கோட்டை
18-4-1994

என் அன்பான அத்தானுக்கு,

ஜெபா எழுதிக்கொள்வது. நான் சுகம். இரண்டு நாளாக நன்றாகச் சாப்பிடுகிறேன்.

முந்தாநாள் ராத்திரி வாசித்தார்கள். ‘நடுவில் நிறுத்த வேண்டாம்’ என்ற இடத்தில் மாமா கண்ணாடிக்கு மேலே என்னை ஒரு பார்வை பார்த்தார்கள். அப்புறம் வாசித்தார்கள், முதலாம் பாடக் குரலிலேயே. ‘திரும்பிப் போக மாட்டேன்’ என்பதில் குரல் கொஞ்சம் இறங்கியது. ஆனாலும் நிறுத்தவில்லை. தன் வீட்டுச் சட்டத்தைத் தானே எப்படி மீறுவார்கள்? நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ‘ஜெபா, இது உனக்கு’ என்ற இடத்துக்கு வந்ததும் மாமா நின்றுவிட்டார்கள். கண்ணாடியைக் கழற்றித் தாளை என்னிடம் நீட்டி, “இது உனக்கு எழுதியிருக்கான், ஜெபா. நீயே வாசிச்சுக்கோ” என்றார்கள். நான் சத்தமில்லாமல் வாசித்தேன்.

அத்தைதான் முதலில், “மாடி இல்லாட்டா என்ன, இப்ப நாம மழையிலயா கெடக்கோம்? பிள்ளை வாறாம்லா” என்று சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினார்கள். அவர்களுக்கு எல்லாம் முன்பே தெரியும் அத்தான். தெரிந்துகொண்டே முன் ஸீட் பிடித்திருக்கிறார்கள்.

மாமா வேதத்தை மூடி வைத்துவிட்டுப் படுத்துவிட்டார்கள். எனக்குத் தூக்கமே இல்லை. காலையில் குடையை எடுத்துக்கொண்டு மேலப்பாளையம் போனார்கள். வெயில் ஏறித் திரும்பி வந்து என்னைக் கூப்பிட்டார்கள்.

“சுல்தான்ட்ட ஒரு காரும் சொல்லியாச்சு. ரெண்டு பேருதான்னு சொல்லிட்டேன். ஆனா ஒண்ணு. மெஞ்ஞானபுரத்துல எங்க சித்தப்பா வீட்டுல மட்டும் எறங்கி ஒரு வாய் காப்பி குடிச்சிருங்க. இல்லன்னா நான் அவர் மூஞ்சியில முழிக்க முடியாது.”

சரி என்று சொல்லிவிட்டேன். ஒரு வாய் காப்பிதானே. நீங்களும் முணுமுணுக்காமல் குடிக்க வேண்டும்.

“அப்ப வேன் மாமா?” என்று கேட்டேன்.

“வாக்குக் குடுத்தது குடுத்ததுதான். டார்லின் பிள்ளைகளுக்கும் சொல்லியாச்சு. நாங்க குற்றாலத்துக்குப் போறோம்” என்றார்கள்.

உள்ளேயிருந்து அத்தை, “மே மாசத்துல குற்றாலத்துல ஏது தண்ணி?” என்று கத்தினார்கள்.

மாமா குடையை ஆணியில் மாட்டிக்கொண்டே, “தண்ணி இல்லன்னா என்ன? பாறையப் பாத்துட்டு வாறோம்” என்றார்கள்.

நான் அடுக்களைக்குள் போய் அழுதுவிட்டேன் அத்தான். நவம்பரிலிருந்து அவர்கள் மேல் சேர்த்து வைத்த எரிச்சலை இனி எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியவில்லை. உங்கள் மேல் இருந்தது மட்டும் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அதை மணப்பாட்டில் வைத்துக்கொள்கிறேன்.

பத்திரமாக வந்து சேருங்கள்.

உங்கள் ஜெபா